சலுகை யாருக்கு, சுதந்திரம் யாருக்கு?

கல்லூரிச் சேர்க்கை நேரம். செங்கல்பட்டு மாவட்டத்தில் நாம் நடத்தும் மாலை வகுப்பில் படித்து, பன்னிரண்டாம் வகுப்பு முடித்த ஒரு பெண்ணுக்கு விண்ணப்பம் போட வேண்டியிருந்தது. அவளையும் அவள் அப்பாவையும் கூட்டிக்கொண்டு பக்கத்து டவுனுக்குப் போனோம். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தவர் சாதிச் சான்றிதழை வாங்கிப் பார்த்தார். தலையைத் தூக்காமலே கேட்டார்: "சலுகையில வர்றவங்களா?"

"ஆமாங்க சார், சலுகைதான்" என்றார் அப்பா. வாசலில் நின்று பேசுகிற குரல் அது. அவர் உள்ளே, நாற்காலிக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தார்.

பஸ்ஸில் திரும்பும்போது அந்தப் பெண் வெகுநேரம் பேசவில்லை. பிறகு கேட்டாள்: "அக்கா, நமக்கு முன்னாடி ஒரு பையன் நின்னான் இல்ல? அவன் மார்க்கு என்னதவிட கம்மி. அவன்கிட்ட அந்த ஆளு எதுவும் கேக்கல. நான் சலுகையில வர்றேன்னா, அவன் எதுல வர்றான்?"

அந்தக் கேள்விக்கு பஸ்ஸில் வைத்து நம்மால் முழுசாகப் பதில் சொல்ல முடியவில்லை. இந்தக் கட்டுரை அந்தப் பதிலுக்கான முயற்சி.

அவன் எதில் வருகிறான் என்பதற்குச் சமூகவியலில் ஒரு பெயர் உண்டு: பிரிவிலேஜ். தமிழில் சிறப்புரிமை என்கிறார்கள், தனிச்சலுகை என்கிறார்கள், முன்னுரிமை என்கிறார்கள். எந்தச் சொல்லும் சரியாக ஒட்டவில்லை. ஏன் ஒட்டவில்லை என்று தேடிப் போனால், நம் மண்ணின் நில வரலாற்றில் போய் நிற்கிறோம்.

மூன்று அர்த்தங்கள்

முதலில் அந்தச் சொல்லின் சொந்த ஊருக்கு ஒரு நடை போய் வந்துவிடலாம். லத்தீன் மொழியில் 'பிரிவிலேஜியம்' என்றால் ஒரு தனி ஆளுக்கென்று போடப்பட்ட சட்டம். எல்லோருக்கும் ஒரு சட்டம், இன்னாருக்கு மட்டும் வேறு சட்டம். ஐரோப்பாவில் பிரபுக்களும் பாதிரிமார்களும் வரி கட்டாமல் இருந்தது இப்படித்தான். இது முதல் அர்த்தம். ஒளிவு மறைவு இல்லாதது, எழுதி முத்திரை குத்தி வைத்தது.

இரண்டாவது அர்த்தத்தைக் கொடுத்தவர் அமெரிக்கக் கறுப்பின அறிஞர் டபிள்யூ.ஈ.பி. டு பாய்ஸ். 1935இல் வெளியான தன் நூலில் அவர் ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டார். வெள்ளைத் தொழிலாளியும் ஏழை, கறுப்புத் தொழிலாளியும் ஏழை. இருவரும் ஏன் ஒன்று சேரவில்லை? வெள்ளைத் தொழிலாளிக்குக் கையில் கிடைக்கும் கூலி குறைவாக இருந்தாலும், வெள்ளையன் என்பதற்காகப் பொது இடத்தில் கிடைக்கும் மரியாதை ஒரு கூடுதல் கூலியாக இருந்தது என்றார். அதற்கு மனக்கூலி என்று பெயர் வைக்கலாம். "எங்க சாதியிலயும் ஏழைங்க இருக்காங்க" என்று நம்மிடம் சொல்கிறவர்களுக்கு டு பாய்ஸ் அன்றே பதில் எழுதி வைத்துவிட்டார். இருக்கிறார்கள்தான். ஆனால் அந்த ஏழையை டீக்கடையில் தனி டம்ளர் வரவேற்றதில்லை.

மூன்றாவது அர்த்தம் இன்று பெருவழக்கில் இருப்பது. 1988இல் பெக்கி மெக்கின்டாஷ் என்ற வெள்ளைப் பெண் பேராசிரியர், தான் கேட்காமலேயே தனக்குக் கிடைத்துவிடும் 46 வசதிகளைப் பட்டியல் போட்டார். முதுகில் ஒரு பை மாட்டியிருக்கிறது, அதற்குள் எல்லாம் இருக்கிறது, ஆனால் மாட்டியிருப்பவருக்கே அது தெரிவதில்லை என்பது அவர் சொன்ன உவமை.

எம்.ஏ. வகுப்பில் நாம் படித்ததும் இந்த மூன்றாவது அர்த்தத்தைத்தான். நல்ல கருத்து. ஆனால் அதோடு நின்றால் ஒரு ஆபத்து இருக்கிறது. பிரிவிலேஜ் என்பது ஒருவர் மனசாட்சியைத் தட்டிப் பார்த்துக்கொள்ளும் சமாச்சாரமாக, "ஆமாம், எனக்குப் பிரிவிலேஜ் இருக்கிறது" என்று முகநூலில் ஒரு வரி போட்டுவிட்டுப் போகிற விஷயமாகச் சுருங்கிவிடுகிறது. நம் ஊரில் அது கண்ணுக்குத் தெரியாத பையாக இருக்கவில்லை. பதிவேட்டில் இருந்தது, சர்வே நம்பரோடு இருந்தது. பிறகு என்ன ஆனதென்றால், பதிவேட்டில் இருந்ததன் பெயர் மாறியது. கொஞ்சம் கொஞ்சமாக அது 'இயல்பு' ஆனது, 'தகுதி' ஆனது.

காணியாட்சி, மிராசு, சுதந்திரம்

செங்கல்பட்டு சீமையை ஆற்காட்டு நவாப் 1763இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கொடுத்தார். கம்பெனி வரி வசூலிக்க வந்தபோது, நிலம் யாருடையது என்ற கேள்வி எழுந்தது. கிராமங்களில் கிடைத்த பதில் 'காணியாட்சி'. பரம்பரை பரம்பரையாக ஒரு ஊரின் நிலத்தில் பங்கு வைத்திருக்கும் உரிமை அது. முகமதியர் ஆட்சிக் காலத்துக் கணக்குகளில் இதற்கு 'மிராசு' என்று பெயர் வந்தது. அரபு மொழியில் வாரிசுச் சொத்து என்று பொருள் தரும் சொல்லிலிருந்து வந்தது அது. மிராசு உடையவர் மிராசுதார். இந்தச் சீமையில் பெரும்பாலும் பிராமணர்களும் வேளாளர்களும். சில இடங்களில் ரெட்டியார், நாயுடு போன்ற பிற சாதியினரும் உண்டு.

மிராசு என்றால் வெறும் நிலம் மட்டும் இல்லை. விளைச்சலை அளக்கும்போது மிராசுதாருக்கென்று தனிப் பங்கு உண்டு. ஊரில் மிராசு இல்லாத குடியானவர் பயிர் வைத்தால் மிராசுதாருக்குத் துண்டுவாரம் கொடுக்க வேண்டும். தரிசு நிலம், மரம், ஏரி மீன், குடியிருக்கும் நத்தம் எல்லாவற்றிலும் மிராசுதாரின் கை இருந்தது. இப்படி விளைச்சலிலிருந்து பரம்பரையாக ஒதுக்கப்பட்ட பங்குகளுக்கு அன்று வழங்கிய பெயர் என்ன தெரியுமா? சுதந்திரம்.

ஆம், அதே சுதந்திரம்தான். கம்பெனி அதிகாரிகளின் ஆவணங்களில் மிராசுதார்களின் 'சுதந்திரங்கள்' பக்கம் பக்கமாக வருகின்றன. பழைய தமிழ் பைபிளில் வாரிசுச் சொத்துக்குச் 'சுதந்தரம்' என்ற சொல்லே இருக்கிறது. 1947இல் கொடியேற்றிக் கொண்டாடிய அந்தச் சொல்லுக்கு அதற்கு முன்னால் இருந்த ஒரு பொருள், பிறப்பால் வரும் பங்கு. யாருக்கும் கட்டுப்படாமல் இருப்பது ஒரு அர்த்தம். களத்து நெல்லில் முதல் கை வைப்பது இன்னொரு அர்த்தம். ஊர்ப்பணி செய்தவர்களுக்கும் களத்தில் சிறு பங்கு உண்டு. வெட்டியாருக்கும் தோட்டிக்கும் சில மரக்கால் நெல் உண்டு. ஆனால் ஒருவர் பங்கு நிலத்தோடு வந்தது. மற்றவர் பங்கு பிணம் சுமக்கும் வேலையோடு வந்தது. ஒரே களம், ஒரே நெல்தான். பெயரளவில் இரண்டும் பங்கு.

1814இல் சென்னை அரசாங்கம் மிராசு பற்றிப் பதினேழு கேள்விகள் அனுப்பியது. சென்னைக் கலெக்டர் எல்லிஸ் அவற்றுக்கு விரிவாகப் பதில் எழுதினார். அது 1818இல் அச்சானது. திராவிட மொழிகள் தனிக் குடும்பம் என்று முதலில் எடுத்துச் சொன்ன அதே எல்லிஸ். அவர் பதிவு செய்த மரபுக் கதைப்படி, ஆதொண்டச் சோழன் தொண்டைமண்டலத்துக் காட்டைத் திருத்தி வேளாளர்களைக் குடியேற்றி, உழைப்புக்கு ஈடாகக் காணியாட்சி கொடுத்தான். உரிமையின் வேர் உழைப்பு என்பது அந்தக் கதையின் வாதம். வாதம் சரியென்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் சேற்றில் இறங்கி உழுதவர்களுக்கு, ஏரிக்கரை சுமந்தவர்களுக்கு, நாற்று நட்ட பெண்களுக்கு எந்தக் காணி? எந்த ஆட்சி? படியாள் என்ற பெயரில் நிலத்தோடு கட்டிப்போடப்பட்ட பறையர் குடும்பங்கள்தாம் அந்த நிலத்தை விளைய வைத்தன. அடிமை முறைக்குச் சட்ட அங்கீகாரத்தை மறுக்கும் சட்டம் 1843இல்தான் வந்தது. சட்டம் வந்த மறுநாளும் குடிசை நின்ற இடம் மிராசுதாருடையதுதான்.

இன்னும் பின்னால் போனால் இறையிலி நிலம் வருகிறது. வரி இல்லாத நிலம். பிராமணர்களுக்கும் கோயில்களுக்கும் கொடுத்த கொடைகளில் இந்தச் சொல் திரும்பத் திரும்ப வரும். தஞ்சைப் பெரிய கோயிலின் ராஜராஜன் காலத்துக் கல்வெட்டுகளில் வரி விதிக்காமல் கழிக்கப்பட்ட இடங்களின் பட்டியல் ஒன்று உண்டு. அதில் ஊர்நத்தம் இருக்கிறது, சுடுகாடு இருக்கிறது, பறைச்சேரியும் தீண்டாச்சேரியும் இருக்கின்றன. பறைச்சேரிக்கும் வரி இல்லை, பிரம்மதேயத்துக்கும் வரி இல்லை. இரண்டையும் பக்கத்தில் வைத்து, "பார், உங்களுக்கும் அன்றே சலுகை இருந்தது" என்று யாரேனும் சொன்னால் எப்படி இருக்கும்? விளைச்சலை அனுபவிப்பவருக்கு வரி இல்லை என்பது சிறப்புரிமை. விளையாத இடத்தில் குடிசை போட்டவருக்கு வரி இல்லை என்பது வெறும் கணக்கு. எவருக்கு எது கொடுக்கப்பட்டது என்பதோடு, கொடுக்கப்பட்ட பிறகு அவர் எங்கே நிற்கிறார் என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

இங்கே 'மானியம்' என்ற சொல்லையும் கவனியுங்கள். மரியாதைக்குரியவருக்குக் கொடுத்த வரியில்லா நிலம்தான் மானியம். அந்த நாளில் மானியக்காரர் என்றால் எழுந்து நிற்பார்கள். இன்று மானியம் என்றால் கேஸ் சிலிண்டருக்கும் உரத்துக்கும் அரசு கொடுக்கும் பணம். "மானியத்துல வாழ்றாங்க" என்று முகம் சுளிக்கிறார்கள். மேலே இருந்தவரை அது கௌரவம். ஏழையின் கைக்கு வந்ததும் அது இளப்பம்.

1891: ஒரு கலெக்டரின் அறிக்கை

1891இல் செங்கல்பட்டுக் கலெக்டராக இருந்த டிரெமென்ஹீர், மாவட்டத்தின் பறையர் மக்கள் நிலை குறித்து அரசுக்கு அறிக்கை எழுதினார். மாவட்ட மக்கள் தொகையில் ஏறக்குறையக் கால் பங்கு அவர்கள். அவர் கண்டது இதுதான்: தரிசு நிலம் கிடக்கிறது, உழைக்க மக்கள் இருக்கிறார்கள், ஆனால் நிலம் அவர்களுக்குப் போய்ச் சேர வழியில்லை.

ஏன் வழியில்லை? இங்கேதான் பிரிவிலேஜ் எப்படி வேலை செய்தது என்பது கண்ணாடி போலத் தெரிகிறது. தரிசு நிலம் வேண்டுமென்று யார் வேண்டுமானாலும் அரசுக்குத் தர்காஸ்து மனு போடலாம். சட்டப்படி பறையரும் போடலாம். ஆனால் விதியில் ஒரு வரி இருந்தது. வெளியார் ஒருவர் மனு போட்டால், அந்த ஊர் மிராசுதாரைக் கேட்க வேண்டும். அவர் "எனக்கு வேண்டும்" என்றால் அவருக்கே முன்னுரிமை. அவர் அதில் பயிர் வைப்பாரா என்பது வேறு விஷயம். மனு போட்டவருக்குக் கிடைக்கக்கூடாது என்பதுதான் விஷயம்.

அடுத்த பூட்டு குடிசை. சேரி நத்தம் மிராசுதாரின் பிடியில் இருந்ததால், மனு போடத் துணிந்தவரை வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிடலாம். மூன்றாவது பூட்டு அலுவலகம். மனுவை வாங்கும் கணக்கர், விசாரிக்கும் மணியக்காரர், பரிந்துரை எழுதும் தாலுகா சிப்பந்தி எல்லோரும் மிராசுதாரின் உறவு அல்லது உற்ற சாதி. ஒருவருக்கு எதிராகவும் ஒரு கெட்ட வார்த்தை பேசத் தேவையில்லை. விதி தன் வேலையைத் தானே செய்துகொள்ளும். பறையருக்கு நிலம் கிடையாது என்று எந்தப் புத்தகத்திலும் எழுதவில்லை. எழுதாமலே கிடைக்கவில்லை.

கவ்டி, ஆடம் ஆண்ட்ரூ போன்ற மிஷனரிகளும் அந்த வட்டாரத்தில் இதே சிக்கலை எழுப்பினார்கள். வருவாய்த் துறை மேலிடம் டிரெமென்ஹீரின் அறிக்கையை ரசிக்கவில்லை. ஆனாலும் 1892 செப்டம்பர் 30ஆம் தேதி அரசாணை வந்தது. தாழ்த்தப்பட்ட மக்களுக்கு நிலம் ஒதுக்கும் வழி அதிலிருந்து பிறந்தது. பஞ்சமர் என்ற அன்றைய பெயரால் அது பஞ்சமி நிலம் ஆனது. மாகாணம் முழுக்க 12 லட்சம் ஏக்கர் என்று நம் இயக்கங்கள் சொல்லி வரும் நிலத்தின் கதை தொடங்குவது இங்கேதான்.

அந்த நிலத்தோடு வந்த நிபந்தனைகளைப் பாருங்கள். முதல் பத்து ஆண்டுகள் விற்கக்கூடாது, தானம் தரக்கூடாது, குத்தகைக்கு விடக்கூடாது. அதற்குப் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்குத்தான் விற்கலாம். மீறினால் அரசு திரும்ப எடுத்துக்கொள்ளலாம். நிலம் பறிபோகாமல் காக்க வந்த நிபந்தனைகள்தாம் இவை. நமக்கு அவை வேண்டும், இன்றும் அவற்றைத்தான் ஆயுதமாகப் பிடித்திருக்கிறோம். ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய இடம் இது. ஆயிரம் ஆண்டு காணியாட்சிக்கு எந்த நிபந்தனையும் இல்லை, அதன் பெயர் உரிமை. நூற்றாண்டுக் கணக்கான உழைப்புக்குப் பிறகு கிடைத்த இரண்டு ஏக்கருக்கு நிபந்தனை உண்டு, அதன் பெயர் சலுகை.

அந்தச் சலுகையும் கையில் நின்றதா? கடனுக்கு, மிரட்டலுக்கு, வெற்றுத்தாளில் வைத்த கைநாட்டுக்கு நிலங்கள் போயின. 1980களில் நில உடைமைப் பதிவேடுகளைப் புதுப்பித்தபோது, நிபந்தனை குறித்த வாசகம் காணாமல்போய் வேறு பெயர்களில் பட்டா வந்த கதைகளை நாம் போகும் ஊர்களிலெல்லாம் கேட்கிறோம். மாமல்லபுரத்துக்குப் பக்கத்துக் காரணை கிராம மக்கள் தங்கள் பஞ்சமி நிலத்தைக் கேட்டுப் போராடினார்கள். 1994 அக்டோபர் 10ஆம் தேதி செங்கல்பட்டில் நடந்த போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இரண்டு தோழர்கள் உயிரிழந்தார்கள். ஒரு 'சலுகை'யைத் திரும்பக் கேட்டதற்கான விலை அது.

நிலத்திலிருந்து படிப்புக்கு

மிராசின் முதல் கை களத்தில் இருந்தது. இருபதாம் நூற்றாண்டு நெருங்கும்போது அந்தக் கை பள்ளிக்கூடத்துக்கும் கச்சேரிக்கும் நகர்ந்தது. நில வருமானம் படிப்பானது. படிப்பு உத்தியோகம் ஆனது. உத்தியோகத்துக்குத் 'தகுதி' என்று பெயர் வந்தது.

இதை முதலில் நேருக்கு நேர் பார்த்தவர்களில் ஒருவர், செங்கல்பட்டு மாவட்டம் கோழியாளத்தில் பிறந்த ரெட்டைமலை சீனிவாசன். 1893இல் ஐ.சி.எஸ். தேர்வை லண்டனில் மட்டுமின்றி இந்தியாவிலும் நடத்த வேண்டுமென்று பிரிட்டிஷ் பாராளுமன்றத்தில் தீர்மானம் நிறைவேறியது. காங்கிரஸ்காரர்களுக்குக் கொண்டாட்டம். அதே ஆண்டில் 'பறையன்' இதழைத் தொடங்கிய சீனிவாசன், அந்தத் தீர்மானத்தை எதிர்த்து மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் கையெழுத்தோடு பாராளுமன்றத்துக்கு மனு அனுப்ப ஏற்பாடு செய்தார். தேசத்துக்கு எதிரான மனு என்று அதைத் திட்டினார்கள். மனுவின் அச்சம் எளிமையானது: பள்ளிக்கூட வாசலிலேயே நம்மை நிறுத்திவிட்டு, பள்ளிக்குள் இருப்பவர்களுக்குள் போட்டித் தேர்வு வைத்தால், ஜெயிப்பது யார் என்பது தேர்வுக்கு முன்பே தெரிந்துவிடும். தகுதி என்ற சொல்லின் அடியில் மிராசு படுத்திருப்பதை 130 ஆண்டுகளுக்கு முன்பே பார்த்த கண்கள் அவை.

இருபது ஆண்டுகள் கழித்து அரசே கணக்குக் கொடுத்தது. 1913இல் பொதுப்பணிகள் குறித்த ராயல் கமிஷன் முன் சென்னை அரசின் கார்டியூ சாட்சியம் சொன்னார். சென்னை மாகாணத்தில் இருந்த 128 மாவட்ட முன்சீப்களில் 93 பேர் பிராமணர்கள். மாகாண மக்கள் தொகையில் அவர்கள் ஏறக்குறைய 3 சதவீதம். இந்தக் கணக்கிலிருந்து பிராமணரல்லாதார் இயக்கம் எழுந்தது, வகுப்புவாரி உரிமை வந்தது. அந்தப் போராட்டத்தின் பயன் நமக்கும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் 'பிராமணரல்லாதார்' என்ற ஒரே குடைக்குள் மிராசுதாரும் நின்றார், அவருடைய படியாளும் நின்றார். குடைக்கு வெளியே மழை ஒன்றுதான். குடைக்குள் யார் நனைந்தார்கள் என்பதைத் தனியாகக் கேட்டாக வேண்டும். 1924இல் பொதுச் சாலையில் நடக்கவும், பொதுக் கிணற்றில் நீர் எடுக்கவும், பொது அலுவலகத்துக்குள் போகவும் யாருக்கும் தடை இல்லை என்று சென்னைச் சட்டமன்றத்தில் சீனிவாசன் தீர்மானம் கொண்டுவர வேண்டியிருந்தது. நீதிக்கட்சி ஆட்சியில் இருந்த காலம் அது. சாலையில் நடப்பதற்குத் தீர்மானம் தேவைப்படாதவர்களின் பிரிவிலேஜுக்கு எந்தக் கமிஷனும் கணக்கு எடுக்கவில்லை.

1951இல் உச்ச நீதிமன்றம் செம்பகம் துரைராஜன் வழக்கில் வகுப்புவாரி அரசாணையை ரத்து செய்தது. அந்த அரசாணைப்படி ஒவ்வொரு 14 இடங்களில் பிராமணர்களுக்கு 2 இடம். 'அரிசனங்களுக்கு' 2 இடம். மூன்று சதவீதத்துக்கும் ஐந்தில் ஒரு பங்கு மக்களுக்கும் ஒரே அளவு. அதுவும் அநீதி என்றுதான் வழக்கு. வழக்குப் போட்டவர் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பமே போட்டிருக்கவில்லை என்பதும் வழக்கின் பதிவில் இருக்கிறது. விண்ணப்பிக்காமலே கோர்ட்டுக்குப் போய் ஜெயிக்க முடிகிற நம்பிக்கை இருக்கிறதே, அதற்குப் பெயர்தான் நாம் தேடிக்கொண்டிருப்பது. தீர்ப்புக்கு எதிராகத் தமிழகம் கொதித்தது. அதே ஆண்டு அரசமைப்புச் சட்டத்தின் முதல் திருத்தம் வந்தது.

பெயரில்லாத பிரிவு

இப்போது அந்தப் பெண்ணின் கேள்விக்கு வருவோம். "அவன் எதுல வர்றான்?"

சமூகவியலாளர் சதீஷ் தேஷ்பாண்டே 2013இல் எழுதிய கட்டுரை ஒன்று 'பொதுப்பிரிவு' என்பதன் வாழ்க்கை வரலாற்றைப் பேசுகிறது. அதன் சாரத்தை நம் மொழியில் இப்படிச் சொல்லலாம்: சாதியால் கிடைக்க வேண்டியதெல்லாம் கிடைத்து முடிந்தவர்கள், அதைப் படிப்பாக, வீடாக, ஆங்கிலமாக மாற்றிக்கொண்ட பிறகு, சாதியைக் கழற்றிவிட்டு 'பொது' ஆகிவிடுகிறார்கள். சாதி என்ற சுமை நம் தலையில் மட்டும் நிற்கிறது. அவர்கள் சான்றிதழ் காட்டத் தேவையில்லை. காட்டத் தேவையில்லாததுதான் அவர்களுடைய சான்றிதழ்.

சொற்களையும் இதே கண்ணால் பாருங்கள். சட்டமன்ற உறுப்பினர்களுக்கு அரசமைப்பு கொடுத்திருக்கும் பிரிவிலேஜைத் தமிழில் எப்படிச் சொல்கிறோம்? அதை யாராவது மீறினால் 'உரிமை மீறல்' பிரச்சினை. அதிகாரம் உள்ளவரின் பிரிவிலேஜ் தமிழில் உரிமை. அரசமைப்பு நமக்குக் கொடுத்த உரிமையோ வயதுச் சலுகை, கட்டணச் சலுகை, கல்விச் சலுகை. ஆடி மாசத் துணிக்கடை விளம்பரத்தில் வருகிற அதே சொல். கடைக்காரர் நினைத்தால் கொடுப்பார், நினைத்தால் நிறுத்துவார். சலுகை என்றால் கொடுப்பவர் மனசைப் பொறுத்தது. உரிமை என்றால் யார் மனசையும் பொறுத்ததில்லை. இந்த வேறுபாடு தெரிந்துதான் பொதுப்புத்தி அந்தச் சொல்லை விடாமல் பிடித்திருக்கிறது.

2019இல் 103ஆவது திருத்தம் வந்தது. எஸ்.சி., எஸ்.டி., ஓ.பி.சி. அல்லாத 'பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்கு' 10 சதவீதம். ஆண்டு வருமானம் 8 லட்சத்துக்குக் கீழே, விவசாய நிலம் 5 ஏக்கருக்குக் கீழே இருந்தால் நலிந்தவர். 2022 நவம்பர் 7ஆம் தேதி உச்ச நீதிமன்றம் மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் அதை ஏற்றது. நான்கே முக்கால் ஏக்கர் வைத்திருப்பவர் நலிந்தவர். அவர் வயலில் கூலிக்கு நிற்கும் நிலமற்ற தலித் பெண் அந்தப் பிரிவில் வர முடியாது. இந்த 10 சதவீதத்தைச் 'சலுகையில வந்தவங்க' என்று யாரும் சொல்லி நாம் கேட்டதில்லை. 'தகுதி போச்சே' என்ற அழுகையும் கேட்கவில்லை.

நம் பையையும் திறப்போம்

இவ்வளவும் எழுதிவிட்டு நம் பக்கம் பார்க்காமல் போனால் அது நேர்மை இல்லை. சாதி ஒரே கோடு போட்டு மேலே, கீழே என்று பிரிப்பதில்லை. அது ஏணிப்படி, ஒவ்வொரு படிக்கும் மிதிக்க இன்னொரு படியைக் கொடுத்து வைத்திருக்கிறது என்பது அம்பேத்கர் நமக்குச் சொல்லிக் கொடுத்த பாடம். 2009இல் தமிழகத்தில் அருந்ததியருக்கு 3 சதவீத உள் ஒதுக்கீடு வந்தபோது, நம்மில் சிலர் பேசிய பேச்சு நினைவிருக்கிறதா? "எங்க பங்குல கை வைக்கிறாங்க" என்றார்கள். அது மிராசுதாரின் குரல். 2024 ஆகஸ்ட் 1ஆம் தேதி உச்ச நீதிமன்றம் உள் ஒதுக்கீடு செல்லும் என்று சொன்ன பிறகும் அந்தக் குரல் முழுதாக அடங்கவில்லை. மலக்குழிக்குள் அதிகமாக இறக்கப்படுபவர் யார் என்று தெரிந்த நாம், அந்த 3 சதவீதத்தைச் சலுகை என்று சொல்லலாமா?

பஞ்சமி நிலம் கேட்டு நாம் போடும் கூட்டங்களில் முன்வரிசை நாற்காலியில் ஆண்கள். பின்னால் தரையில் பெண்கள். எம்.ஏ. முடித்து, மாதச் சம்பளத்தோடு, ஊருக்குள் ஸ்கூட்டியில் வந்து இறங்கும் நமக்கு முதல் நாற்காலி போடப்படுகிறது. நாமும் உட்கார்ந்துவிடுகிறோம். இதை ஒப்புக்கொண்டால் பாவம் கழியும் என்று சொல்லவில்லை. நாற்காலியை நகர்த்தினால்தான் கணக்கு.

என்ன செய்யலாம்

பிரிவிலேஜுக்குச் சரியான தமிழ்ச் சொல் எது என்று நண்பர்கள் கேட்கிறார்கள். புதுச் சொல் தேடும் முன் இருக்கிற சொற்களைச் சரியான இடத்தில் வைப்போம். பிறப்பால் வந்த முதல் பங்குக்கு நம் மண்ணிலேயே பெயர் இருக்கிறது: மிராசு. "அவருக்குத் தகுதி இருக்கிறது" என்று சொல்வார்கள். அதில் எவ்வளவு மிராசு என்று கேட்போம். இட ஒதுக்கீட்டுக்கும் பஞ்சமி நிலத்துக்கும் பெயர் இருக்கிறது: உரிமை. எங்கள் வகுப்பில் இனி யாரும் 'சலுகை' என்று எழுதினால் அடித்து 'உரிமை' என்று எழுத வைக்கிறோம். விண்ணப்பத்தில் அச்சாகி வருவதை மாற்ற முடியவில்லை. வாயிலிருந்து வருவதை மாற்றலாம்.

சொல்லோடு நிற்கவும் வேண்டாம். உங்கள் ஊரின் பழைய 'ஏ' பதிவேட்டைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். நிபந்தனை நிலம் என்ற குறிப்பு எந்தெந்த சர்வே எண்ணில் இருந்தது, இப்போது அதே எண்ணில் யார் பெயர் இருக்கிறது என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சிறப்புரிமை பற்றி எந்தப் பல்கலைக்கழகமும் தராத பாடம் அந்த இரண்டு தாள்களில் இருக்கிறது. எங்கள் வட்டாரத்தில் மூன்று ஊர்களுக்குக் கேட்டிருக்கிறோம். ஒன்றுக்குப் பதில் வந்திருக்கிறது.

அந்தப் பெண் இப்போது கல்லூரியில் முதலாம் ஆண்டு. போன வாரம் வந்திருந்தாள். வகுப்பில் ஒருவன் "நீ கோட்டாவா?" என்று கேட்டானாம். "ஆமா, என் உரிமையில வந்தேன். நீ எதுல வந்த?" என்று கேட்டிருக்கிறாள். அவன் மெரிட் என்றானாம். "அது சரி, உங்க தாத்தா என்ன பண்ணாரு?" என்று அடுத்த கேள்வி.

அவன் இன்னும் பதில் சொல்லவில்லையாம். கேட்டுக்கொண்டே இரு என்று சொல்லி அனுப்பினோம்.

ஜெய்பீம்.